கழிவுநீர்க் குழாயில் தூங்குமூஞ்சி இலை: ஒரு பின்சந்தின் நிகழ்வு ஆய்வு

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் ஒரு பழைய தரைவீட்டு வரிசை. இருபத்திரண்டு வீடுகள், பின்னால் ஒரு சந்து, சந்தின் கோடியில் ஒரு காப்பிக்கடை. பிற்பகல் மூன்றரை மணிக்கு இடியோடு மழை பிடித்தது. நான்கு மணிக்குள், வரிசையின் தாழ்ந்த முனையில் இருந்த வீட்டின் பின்கட்டில், பாத்திரம் கழுவும் இடத்துக் கல்லி ட்ராப் (கழிவுநீர் இறங்கும், அடியில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் தரைக்குழி) வழியாகத் தண்ணீர் பொங்கத் தொடங்கியது. அந்த வீட்டுப் பாட்டி முறுக்குத் தட்டுகளைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, மகனுக்குப் போன் போட்டிருக்கிறார்: "லோங்காங் உள்ள வந்துருச்சு!"

லோங்காங் என்று இங்கே சொல்வது மழைநீர் வடிகாலை. அது உள்ளே வரவில்லை. வீட்டுக்கு முன்னால் இருந்த மழைநீர் வடிகாலில் பாதி உயரத்துக்குத்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகன் எடுத்த போன் வீடியோவில் இரண்டுமே தெரிகின்றன. வாசலில் சாதுவாக ஓடும் வடிகால், பின்கட்டில் கணுக்கால் அளவுத் தண்ணீர். இந்த வழக்கின் முதல் தடயம் அந்த வீடியோதான். ஊர் வடிகால் தாங்குகிறது, கழிவுநீர்க் குழாய் தாங்கவில்லை.

நான் கழிவுநீர்க் குழாய்களைச் சோதிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்கு முன் ஒரு ஒப்பந்ததாரர் மூன்று முறை வந்து, அழுத்தத்தோடு தண்ணீர் பாய்ச்சிக் குழாயைக் கழுவும் ஜெட் அடித்து, "அடைப்பு எடுத்தாச்சு" என்று சொல்லிப் பணம் வாங்கிப் போயிருந்தார். மூன்று முறையும் அவர் வந்தது மழை விட்ட மறுநாள். வெயிலில் போய்ப் பார்த்தால் இந்த மாதிரிக் குழாய் நல்ல பிள்ளையாக இருக்கும். ஜெட் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஓடும்.

இரண்டு குழாய் ஊர்

லண்டன் போன்ற பழைய நகரங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழையில் குழாய் நிரம்பினால் மிஞ்சியது ஆற்றில் விழும். அதைத் தடுக்கத்தான் தேம்ஸ் நதிக்கு அடியில் 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிதாகச் சுரங்கம் தோண்டினார்கள். சிங்கப்பூரில் இரண்டும் தனித்தனி. கூரையிலும் சாலையிலும் விழும் மழை வடிகால் வழியாக நீர்த்தேக்கத்துக்கும் கடலுக்கும் போகிறது. குளியலறை, சமையலறை, கழிவறைத் தண்ணீர் தனிக் குழாயில் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுவது சட்டப்படி தவறு. குப்பை சேகரிக்கும் இடத்துக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் கூரை போட்டு, சுற்றிலும் சிறு திட்டு கட்ட வேண்டும் என்று விதி இருப்பது இதற்காகத்தான். அந்தத் தரையின் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போவதால், அதன்மேல் மழை விழக்கூடாது.

பிரித்து வைப்பதில் இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை 17 நீர்த்தேக்கங்களுக்குப் போய்க் குடிநீராகிறது. மரினா நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்பு மட்டும் 10,000 ஹெக்டர், அதாவது தீவில் ஆறில் ஒரு பங்கு. எனவே பின்சந்தில் பொங்கிய கழிவுநீர் பக்கத்து வடிகாலில் இறங்கினால், நாம் குடிக்கிற தண்ணீரை நோக்கித்தான் நடக்கிறது. எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. கழிவுநீரைச் சுத்திகரித்து 2003 முதல் புதுநீர் எடுக்கிறோம். கரையோரக் குழாய்களில் உப்புநீர் கசிந்து நுழைந்தால், அந்த உப்பை நீக்கும் சுமை புதுநீர் ஆலையின் சவ்வுகள்மேல் விழும்.

மலக்கூடை முறை இந்த ஊரில் முற்றாக நின்றது 1987 ஜனவரியில்தான். அந்தப் பாட்டிக்கு அது நினைவில் இருக்கிறது. பின்சந்து எதற்கு வந்தது தெரியுமா என்று என்னிடம் கேட்டார். தெரியும் என்றேன். இருந்தாலும் சொன்னார். கூடை எடுக்க வருகிறவர் பின்வாசலுக்கு வர வேண்டும் அல்லவா, அதற்கு. இன்று அதே சந்தின் அடியில் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள களிமண் குழாய் போகிறது.

நாங்கள் செய்த தவறு

எங்கள் சூப்பர்வைசர் புதுக்கோட்டைக்காரர். இருபது வருஷமாக மேன்ஹோல் திறக்கிறவர். முதல் நாளே, மூடியைத் தூக்கி வாயுமானியை உள்ளே இறக்கிப் பார்த்துவிட்டு, டார்ச் அடித்துக் காட்டினார். "தம்பி, இங்க பாருங்க." மேன்ஹோல் சுவரில், தரைக்கு ஒரு முழம் கீழே வரை, ஈரக்கோடு. அந்தக் கோட்டில் பொடிப்பொடியாகப் பச்சை இலைகள் ஒட்டியிருந்தன. தூங்குமூஞ்சி மரத்தின் இலை. சந்தின் ஓரத்தில் அப்படி ஒரு மரம் குடைவிரித்து நிற்கிறது.

"இலை எப்படிண்ணே உள்ள வரும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு எனக்கு சிசிடிவிதான் பெரிதாகத் தெரிந்தது. சக்கரம் வைத்த காமிராவைக் குழாய்க்குள் ஓட்டினோம். படம் அருமையாக வந்தது. இணைப்புகளில் விரிசல், இரண்டு இடத்தில் வேர்த்தாடி, ஓர் இடத்தில் குழாயின் தோள்ப்பகுதியில் இருந்து நூல் பிடித்ததுபோல் தண்ணீர் ஒழுகுகிறது. மழைநீர் வடிகால் அந்த இடத்தில் குழாய்க்கு மேலாகக் குறுக்கே போகிறது. வடிகாலில் பச்சைச் சாயம் ஊற்றினோம், இருபது நிமிடத்தில் கழிவுநீர்க் குழாயில் பச்சை தெரிந்தது. ஆகா, பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். வேர் வெட்டி, குழாய்க்குள் உறை இடும்படி அறிக்கை எழுதினேன். பிசினில் ஊறிய துணியுறையைக் குழாய்க்குள் செலுத்தி, சூடேற்றிக் கெட்டியாக்கும் முறை. சாலையைத் தோண்ட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் பழைய கழிவுநீர்க் குழாய்களைப் பெரிய அளவில் இப்படிப் புதுப்பிப்பது 1990களிலேயே தொடங்கிவிட்டது. வேலை சுத்தமாக முடிந்தது.

சில வாரம் கழித்து, விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் காற்றுமழை ஒன்று அடித்தது. அரை மணி நேரம்தான். பாட்டி வீட்டுப் பின்கட்டில் மறுபடியும் கணுக்கால் தண்ணீர்.

இப்போது யோசித்தால், மழையே எங்களிடம் விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. கழிவுநீர்க் குழாய்க்குள் மழை இரண்டு வழியில் நுழையும். தரைக்கு மேலிருந்து நேராக விழுவது ஒன்று: கூரைக்குழாய், திறந்த தரை, உடைந்த மூடி. மண்ணிலிருந்து விரிசல் வழியாக மெதுவாக ஊறுவது இன்னொன்று. சைட்டில் நாங்கள் இதைப் பாய்ச்சல், ஊறல் என்போம். பாய்ச்சல் மழையோடு ஏறி மழையோடு இறங்கும். ஊறல் மழை நின்றபின்னும் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் வடியும். சிங்கப்பூரின் மழையிலேயே இரண்டையும் பிரித்துப் பார்க்க வசதி இருக்கிறது. சுமத்ராக் காற்றுமழையும் பிற்பகல் இடிமழையும் சட்டென்று கொட்டி ஓய்கின்றன. மண் நனைந்து நிலத்தடி நீர் ஏறுவதற்குள் முடிந்துவிடுகின்றன. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போது இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்கிறது. குறுமழையில் பொங்கினால் பாய்ச்சல், அடைமழையில் பொங்கினால் ஊறல் என்று ஆரம்பத்திலேயே சந்தேகப்பட வேண்டும். பாட்டி வீட்டில் பொங்கியது எல்லாமே குறுமழையில். அவருடைய நாட்காட்டியில், கழுவிவிட்ட நாள்களுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, எத்தனை மணி என்றும் எழுதி வைத்திருந்தார். அதை நான் முதல் நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

உறை போட்டது வீண் இல்லை, ஊறல் நின்றது. ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் தப்பு. தரைக்குக் கீழே இருப்பது பொதுக் குழாய், யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் சரி செய்துவிடலாம். தரைக்கு மேலே இருப்பது அவரவர் வீடு. செலவு அதிகமான வேலை எங்களுக்குச் சுலபமாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

புகை

இரண்டாம் சுற்றில் புகைச் சோதனை. மேன்ஹோலில் ஊதுவிசிறி வைத்துத் தீங்கற்ற வெண்புகையைக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். குழாயோடு எதெல்லாம் தொடர்பில் இருக்கிறதோ அங்கெல்லாம் புகை வெளிவரும். வீட்டுக்குள் வராது, கல்லி ட்ராப்பிலும் கழிவறையிலும் தேங்கி நிற்கும் தண்ணீர் தடுத்துவிடும். முன்கூட்டியே நான்கு மொழிகளிலும் அறிவிப்புத் தாள் கொடுத்தோம். அப்படியும் ஒருவர் தீயணைப்புப் படைக்குப் போன் செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காட்சி அப்படி.

காற்றோட்டக் குழாய்களின் உச்சியில் புகை வர வேண்டும், வந்தது. புகையைத் தேடிச் சுற்றியபோது, காப்பிக்கடையின் பின்புறம், பாத்திரம் கழுவும் தரை திறந்த வெளியில் கிடந்தது கண்ணில் பட்டது. அதற்கு மேலிருந்த கூரைத் தகடுகளைப் புதுப்பிக்கக் கழற்றியவர்கள் திரும்பப் போடவே இல்லை. அப்புறம், ஒன்றன்பின் ஒன்றாக, வீடுகளின் பின்கட்டுக் கூரைகளின் ஓரத்தில், மழைநீரை ஏந்தும் வாய்க்கால்களிலிருந்து புகை எழும்பியது. பதினான்கு வீடுகள்.

பின்கட்டு என்பது இந்த வரிசையில் பிற்காலச் சேர்க்கை. முதலில் திறந்த முற்றமாக இருந்தது. சமையலறையைப் பெரிதாக்க ஒவ்வொருவராகக் கூரை போட்டார்கள். கூரைத் தண்ணீரை மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோகத் தனியாகக் குழாய் இழுக்க வேண்டும். பின்னாலேயே, ஓரடி தூரத்தில், வீட்டுக் கழிவுநீர் பொதுக் குழாய்க்குப் போகும் வழியில் உள்ள மூடிபோட்ட சோதனைத் தொட்டியான இன்ஸ்பெக்‌ஷன் சேம்பர் இருக்கிறது. வேலைக்கு வந்தவர் அதற்குள் கூரைக்குழாயைச் செருகிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஆளைக் கூப்பிட்டார். இலை நுழைந்த வழி இதுதான். தூங்குமூஞ்சி இலை கூரையில் விழுந்து, வாய்க்கால் வழியாகச் சேம்பரில் இறங்கி, மேன்ஹோல் சுவரில் ஒட்டியது. சூப்பர்வைசர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான்.

பதினான்கு வீடுகளில் ஒன்று பாட்டியின் வீடு.

ஒரு கூரைக்கு எத்தனை வீடு

"மழைத் தண்ணி சுத்தமானதுதானே, சாக்கடைக் குழாயில போனா நல்லதுதானே? கழுவி விடும்" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டார். நியாயமாகப் படும் கேள்வி. பதிலுக்குக் கணக்குத்தான் போட்டுக் காட்டினேன்.

சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் தண்ணீர் சுமார் 140 லிட்டர். நான்கு பேர் வீட்டுக்கு 560 லிட்டர். நாள் முழுக்கச் சராசரியாகப் பரப்பினால் வினாடிக்கு ஒரு லிட்டரில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. இப்போது 100 சதுர மீட்டர் கூரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால், அதிலிருந்து மணிக்கு 10,000 லிட்டர், வினாடிக்குச் சுமார் 2.8 லிட்டர் இறங்கும். அதாவது ஒரே ஒரு கூரை, அந்த நேரத்துக்கு, நானூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சமம். ஓர் அடுக்குமாடிப் புளோக்கும் அதற்கு மேலும் அந்தச் சேம்பரில் வந்து சேர்ந்ததுபோல.

எங்கள் சந்தில் பதினான்கு பின்கட்டுக் கூரைகள், ஒவ்வொன்றும் சராசரியாக 50 சதுர மீட்டர், காப்பிக்கடைத் தரை ஒரு 80. மொத்தம் 780 சதுர மீட்டர். அதே மழைக்கு வினாடிக்குச் சுமார் 22 லிட்டர். 150-க்கு 1 சரிவில் கிடக்கும் 200 மில்லிமீட்டர் குழாய், முழுக்க நிரம்பி ஓடினாலும் கடத்தக்கூடியது வினாடிக்குச் சுமார் 27 லிட்டர். இடிமழையின் உச்சமான சில நிமிடங்களில் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டரைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. அதோடு வீடுகளின் கழிவுநீரும் சேர வேண்டும். குழாய் நிரம்பிய பிறகு தண்ணீர் மேன்ஹோல்களில் ஏறும். வரிசையிலேயே தாழ்ந்த திறப்பு எதுவோ அங்கே வெளிவரும். அது பாட்டி வீட்டுக் கல்லி ட்ராப்.

தீபாவளிச் சமயத்தில் இன்னொன்றும் சேர்கிறது, நம் ஆட்களுக்கு மட்டும் சொல்கிறேன். முறுக்கு சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். குழாய்ச் சுவரில் படிந்து வெள்ளைக் கொழுப்பாக இறுகுகிறது. 200 மில்லிமீட்டர் குழாய் 150 ஆகிவிட்டால் கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விடும்.

அவ்வளவு பெரிய சுரங்கம் எதற்கு?

தீவுக்கு அடியில் அவ்வளவு பெரிய கழிவுநீர்ச் சுரங்கம் இருக்கும்போது சந்தில் ஏன் பொங்குகிறது என்றும் எல்லாரும் கேட்டார்கள். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பின் முதல் கட்டம் 2008-இல் முடிந்தது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர், அதிகபட்ச விட்டம் 6 மீட்டர். துவாஸ் நோக்கிச் செல்லும் இரண்டாம் கட்டத்தின் சுரங்கம் தோண்டும் வேலை 2023-இல் முடிந்தது. ஆறு மீட்டர் விட்டச் சுரங்கத்தில் ஒரு கிலோமீட்டர் நிறைந்தால் 28,000 கன மீட்டர் தண்ணீர் நிற்கும். இது போதாதா?

அந்தச் சுரங்கம் செய்யும் உதவி பெரியது. முன்பு கழிவுநீரைக் கட்டம் கட்டமாக ஏற்றிவிட நூற்றுக்கும் மேற்பட்ட பம்பு நிலையங்கள் இருந்தன. பெருமழையில் வரத்து கூடும்போது பம்பு திணறினால் அங்கே பொங்கும். இப்போது தண்ணீர் தன் எடையிலேயே சரிந்து ஓடுகிறது, பம்புகளின் வேலை கடைசியில் ஆலையில்தான். சுரங்கத்தின் கொள்ளளவே உச்ச வரத்தைச் சற்று மட்டுப்படுத்தியும் கொடுக்கிறது. ஆனால் எங்கள் சந்தின் தண்ணீர் அந்தச் சுரங்கத்தை அடைவதற்கு முன் 200 மில்லிமீட்டர் வாய் வழியாகப் போக வேண்டும். குறுமழை நாளில் நாங்கள் கீழ்மேன்ஹோலைத் திறந்து பார்த்தோம். அங்கிருந்து பெரிய குழாய் தொடங்குகிறது. மேலே சந்தின் மேன்ஹோலில் தண்ணீர் ஏறி நின்றபோது, அங்கே பாதிக்கும் கீழே நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. பத்து வழி விரைவுச்சாலை கட்டினாலும் நம் வீட்டுச் சந்தில் இரண்டு கார் ஒன்றாகப் போக முடியாதே.

இந்த வேலையில் ஊர்க்காரர்களோடு எங்களுக்குப் பேச்சுப் பழக்கம் குறைவு. கழிவுநீர்க் குழாய் என்று ஒன்று காலடியில் இருப்பதே அவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை. 2025 ஜூலையில் தஞ்சோங் காத்தோங் ரோடு சவுத்தில், கழிவுநீர்க் குழாய்களை இணைக்கும் வேலைத்தளத்தின் அருகே சாலை உள்வாங்கி ஒரு கார் விழுந்தது. தளத்தில் இருந்த ஏழு வெளிநாட்டு ஊழியர்கள் கயிறு வீசி ஓட்டுநரை மேலே இழுத்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள், நாங்கள் மேன்ஹோல் அருகே நின்றால் வந்து பேச்சுக் கொடுத்தார்கள், தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

தடுப்பு வால்வு ஏன் வேண்டாம் என்றேன்

பாட்டியின் மகன் இணையத்தில் தேடி, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தலாமா என்று கேட்டார். சந்துக் குழாயில் அழுத்தம் ஏறும்போது கதவு தானாக மூடிக்கொள்ளும், வெளித் தண்ணீர் உள்ளே வராது. நல்ல கருவிதான். ஆனால் அந்த வீட்டின் கூரைக்குழாயும் அதே சேம்பரில்தான் விழுகிறது. கொட்டும் மழையில் வால்வு மூடிக்கொண்டால், சொந்தக் கூரைத் தண்ணீர் போக வழியில்லாமல் சேம்பரில் நிரம்பி, கல்லி ட்ராப் வழியாக அதே பின்கட்டில் ஏறும். ஊரார் தண்ணீருக்குப் பதில் சொந்தத் தண்ணீர்.

பாட்டிக்கு இதைச் சொல்லத் தயங்கினேன். பின்கட்டைக் கட்டியது அவருடைய காலஞ்சென்ற கணவர். புகை எழும்பியதை அவரே பார்த்திருந்தார். "அவரு கட்டுனதுதான் தம்பி. மழைத் தண்ணி எங்க போவுதுன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல" என்றார். பிறகு, "மொதல்ல நம்ம வீட்டுத மாத்துங்க. அப்பத்தான் மத்தவங்ககிட்ட நான் பேச முடியும்" என்றார்.

மாற்றும் வேலை ஒரு வீட்டுக்கு ஒரு நாள்கூட இல்லை. கூரைக்குழாயைச் சேம்பரிலிருந்து வெட்டி, திறப்பை அடைத்து, பிவிசி முழங்கைகள் போட்டு, பக்கச் சுவரோரமாகச் சந்தின் மழைநீர் வடிகாலுக்குத் திருப்பிவிட வேண்டும். உரிமம் பெற்ற பிளம்பர் செய்ய வேண்டிய வேலை, அவ்வளவுதான். நாங்கள் போட்ட உறையின் செலவோடு ஒப்பிட்டால் சில்லறை. நாள் பிடித்தது பேச்சுக்குத்தான். பாட்டி மாலைதோறும் ஒரு வீட்டுக்குப் போனார். மலாய் வீட்டில் மலாயில், சீனர் வீட்டில் மார்க்கெட் மலாயும் கையும் சேர்த்து. காப்பிக்கடைக்காரர் இரண்டு நாளில் தகடு போட்டு, தரையைச் சுற்றித் திட்டும் கட்டிவிட்டார். ஒருவர் மட்டும் அசையவில்லை. அவர் வீடு மேட்டில் இருக்கிறது, அங்கே ஒரு நாளும் பொங்கியதில்லை.

சென்னையில் தெருவில் மழைநீர் தேங்கினால் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தெரு வடிந்துவிடும். இரண்டு தெரு தள்ளி, தாழ்வான ஒரு வீட்டுக் கழிவறையில் அது ஏறும். மூடியைத் தூக்கியவர் அதைப் பார்ப்பதில்லை. மேட்டு வீட்டுக்காரரிடம் பேசியபோது அது நினைவுக்கு வந்தது, சொல்லவில்லை.

அடுத்த வடகிழக்குப் பருவத்தில் இரண்டு நாள் விடாமல் பெய்தது, பின்கட்டு காய்ந்தே இருந்தது. அது ஊறலுக்கான தேர்வு, உறை வேலை செய்கிறது. மார்ச்சில் ஒரு பிற்பகல், இடியோடு நாற்பது நிமிடம் கொட்டித் தீர்த்தது. அண்ணனும் நானும் பக்கத்துச் சைட்டில்தான் இருந்தோம். மழை விட்டதும் சந்துக்குப் போனோம். பாட்டி பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், தரையைக் காலால் தட்டிக் காட்டினார். ஈரம் இல்லை. அண்ணன் மூடியைத் தூக்கி, வாயு பார்த்து, டார்ச் அடித்தார். ஈரக்கோடு குழாயின் உச்சிக்குக் கீழேயே நின்றிருந்தது. அந்தக் கோட்டை ஒட்டி, சுவரில், தூங்குமூஞ்சி இலை நான்கைந்து.

"மேட்டு வீடு" என்றார் அண்ணன், மூடியைத் திரும்பப் போட்டபடி.